அந்த மூணு பேர் படத்த வெட்டாம, கழுவாம, கான்டனீஸ்லயே குடுங்க

பழைய ஹாங்காங் படங்களோட ரைட்ஸ கையில வெச்சிருக்கிற கம்பெனிக்காரங்களுக்கும், அத உங்ககிட்ட வாங்கி இந்தப் பக்கம் ஓடவிடுற ஓடிடி, சேனல் ஆளுங்களுக்கும்,

வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். 1993ல வந்த "தி ஹீரோயிக் ட்ரையோ"ங்கற படத்தப் பத்திதான் எழுதறேன். ஜானி டோ டைரக்ஷன், சிங் சியூ டுங் ஃபைட், அனிடா முய், மிஷெல் யோ, மேகி சியுங்னு மூணு பேர் ஹீரோயின். ஹீரோன்னு தனியா யாரும் கிடையாது, அப்படி ஒருத்தர் வேணும்னு படத்துக்கும் தோணல, பாக்கற நமக்கும் தோணாது. இது மாஸ்டர்பீஸ்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கு வருவேன், குப்பைன்னு சொன்னா இன்னும் பெரிய சண்டைக்கு வருவேன். ஓட்டை நிறைய இருக்கற, ஆனா ஒரு நிமிஷம் கூட போரடிக்காத படம். என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான், அந்த ஓட்டையெல்லாம் அடைக்கறேன்னு நீங்க இறங்காதீங்க. அப்படியே குடுங்க, அதோட சொந்த பாஷையில, அதாவது ஹாங்காங்ல பேசற சீன மொழியான கான்டனீஸ்ல குடுங்க.

ஏன் இப்ப எழுதறேன்னா, கொஞ்ச நாள் முன்னாடி ஒரு இடத்துல (பேர் வேணாம், உங்கள்ல யாருக்கோ தெரியும்) இந்தப் படம் கிடைச்சுதேன்னு ஆசையா போட்டா இங்கிலீஷ் டப்பிங் மட்டும்தான் இருக்கு. அதுவும் மிஷெல் யோ மாதிரி ஒருத்தங்களுக்கு கார்ட்டூன் பூனைக்குக் குடுக்கற மாதிரி ஒரு குரல். நடுவுல ரெண்டு மூணு சீன் காணோம், பேரு ஓடி முடியறதுக்குள்ள படத்த நிறுத்திட்டு அடுத்த படத்துக்குத் தாவிடுது. இப்படிப் பாக்கறவன் "என்னடா கதையே புரியல"ன்னு ஒரு ஸ்டார் குடுத்துட்டுப் போயிடறான், அப்பறம் நீங்க அந்த ஒரு ஸ்டாரப் பாத்துட்டு "இந்த மாதிரி படத்துக்கெல்லாம் இங்க ஆள் இல்ல"ன்னு முடிவு பண்றீங்க. ஆள் இருக்கோம் சார்.

படம் தெரியாதவங்களுக்காக கதை. பேர் சொல்லாத ஒரு நகரம். ஹாங்காங்தான்னு பாத்தாலே தெரியும், ஆனா எப்பவும் ராத்திரி, எப்பவும் புகை, நீலக் கலர் லைட், 1989 பேட்மேன் படத்தப் பாத்துட்டு இவங்களுக்கும் ஆசை வந்திருக்குன்னு நெனைக்கறேன். அந்த ஊர்ல பொறந்த குழந்தைங்க வரிசையா காணாம போகுது. தூக்கறது யாருன்னே தெரியல, ஏன்னா தூக்கற ஆள் கண்ணுக்குத் தெரியாது. ஊருக்கு அடியில ஒரு பாதாள லோகம், அங்க அந்தக் காலத்துச் சீன அரண்மனையில காயடிச்சு வேலைக்கு வெச்சிருந்த ஆளுங்களோட தலைவன் மாதிரி ஒரு கிழவன், சீனாவுக்கு மறுபடியும் ஒரு சக்கரவர்த்தி வேணும்னு ராஜ யோகம் இருக்கற குழந்தையத் தேடிட்டு இருக்கான். அவனுக்காகக் குழந்தை தூக்கற கண்ணுக்குத் தெரியாத பொண்ணு மிஷெல் யோ. தடுக்க வர்ற முகமூடிக்காரி அனிடா முய், பகல்ல போலீஸ் இன்ஸ்பெக்டரோட பொண்டாட்டி, ராத்திரி ஆனா கரண்ட் கம்பி மேல ஓடறாங்க. புருஷன் ஊரெல்லாம் அந்த முகமூடிக்காரியத் தேடிட்டு இருக்கான், வீட்டுக்கு வந்தா அவங்க கையாலதான் சாப்பாடு. மூணாவது மேகி சியுங், காசுக்கு வேலை பாக்கற ஆள், தோல் ஜாக்கெட், ஷாட்கன், மோட்டார் பைக், டைனமைட். ஒரு இடத்துல இரும்பு டிரம்முக்குள்ள உக்காந்து அடியில வெடி வெச்சு ஆளே ராக்கெட் மாதிரி பறந்து போவாங்க. எதுக்கு அப்படிப் போகணும், நடந்து போக முடியாதான்னு கேட்டீங்கன்னா இந்தப் படம் உங்களுக்கு இல்ல, அவ்ளோதான்.

சயின்ஸ் ஃபிக்ஷன் எங்கன்னா, அந்தக் கண்ணுக்குத் தெரியாத விஷயம் மந்திரம் கிடையாது. ஒரு விஞ்ஞானி, பாவம் நல்ல மனுஷன், உடம்ப மறைக்கற ஒரு அங்கிய லேப்ல வெச்சு உருவாக்கிட்டு இருக்காரு. மிஷெல் யோவ அங்க அனுப்பினதே அதத் திருடத்தான். அந்த ஆராய்ச்சியே அவரக் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுட்டு இருக்கு, அந்த அம்மாவுக்கோ அவர் மேல மனசு போயிடுது. சண்டைக்கு நடுவுல இந்த ஒரு சின்னக் காதல் கதை மட்டும் வேற வேகத்துல ஓடும், குரலே உயராது. அந்த அங்கி எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா படத்துக்கே சரியா தெரியாது, அதப்பத்தி கவலையும் படல. லேப்னா கலர் தண்ணி, புகை, நாலு குழாய். ஆனா பழைய வாள்சண்டைக் கதைல வர்ற மாய அங்கிய லேப்புக்குள்ள கொண்டுவந்து வெச்சாங்க பாருங்க, அந்தத் துணிச்சல்தான் எனக்குப் புடிச்சது. ஒரு பக்கம் பாதாளத்துல சக்கரவர்த்தி பைத்தியம், இன்னொரு பக்கம் மேல நகரத்துல விஞ்ஞானி. 1997ல பிரிட்டிஷ்காரன் ஊர சீனாக்கு ஒப்படைக்கப் போறான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்த நேரத்துல, ஊருக்கு அடியில இருந்து ஒருத்தன் சக்கரவர்த்தி வேணும்னு கெளம்பறான்னு கதை எழுதினா அது சும்மா தற்செயலா இருக்காதுன்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க, எனக்கும் அப்படித்தான் படுது. படம் அத வாய விட்டுச் சொல்லாது, அது வரைக்கும் நல்லது.

இப்ப குறைக்கு வர்றேன், ஏன்னா நீங்க கத்திரிக்கோல் எடுக்கறதே இங்கதான். இந்தப் படத்துல குழந்தைங்களுக்கு நடக்கறது பாக்க முடியாத அளவுக்கு இருக்கும். மேகி சியுங் குழந்தை திருடிய வெளிய வரவைக்க ஒரு கைக்குழந்தையவே தூண்டில் புழுவா வெக்கறாங்க, அந்தக் கலாட்டாவுல அந்தக் குழந்தை செத்தே போகுது. ஹீரோயினோட பிளான்ல குழந்தை சாகுது சார், எந்த ஊர் சூப்பர்ஹீரோ படத்துல இத வெப்பாங்க. அப்பறம் பாதாளத்துல வளந்த பசங்க, மனுஷக் கறி சாப்ட்டு மிருகமா ஆகிட்ட பசங்க, அவங்கள இனி காப்பாத்த முடியாதுன்னு நம்ம ஹீரோயின் கோஷ்டியே வெடி வெச்சு முடிச்சிடும். இதுக்கு அடுத்த சீன்ல ஒரு காமெடி வரும். முன்னாடி என்ன நடந்ததுன்னே படம் மறந்து போன மாதிரி இருக்கும். இது தப்பான டேஸ்ட்டுதான், நான் வக்காலத்து வாங்கல, முதல் தடவை பாத்தப்ப கோவமே வந்துச்சு.

ஆனா அத வெட்டினா என்ன ஆகுது தெரியுமா, அந்த மூணு பேரும் சுத்த யோக்கியமா ஆகிடறாங்க. மேகி சியுங் கேரக்டர் திமிரா அலட்சியமா வந்து, தன்னால ஒரு உயிர் போச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் மாறுது. அந்த சீன எடுத்துட்டா, முதல் பாதியில காசு காசுன்னு திரிஞ்ச பொண்ணு ரெண்டாம் பாதியில ஏன் உயிரக் குடுத்து சண்ட போடுதுன்னே புரியாது. நான் பாத்த வெர்ஷன்ல சரியா அதுதான் காணோம். நீங்க படத்த நாகரிகமாக்கல, அர்த்தமில்லாததா ஆக்கினீங்க. ஆரம்பத்துல எச்சரிக்க கார்டு போடுங்க, பதினெட்டு பிளஸ் போடுங்க, குழந்தைங்களுக்கு நடக்கற வன்முறை இருக்குன்னு பெரிய எழுத்துல போடுங்க, யாரும் வேணாங்கல. கத்திரிக்கோல மட்டும் கீழ வைங்க.

அடுத்தது சுத்தம் பண்ற வேலை. இதுல எனக்கு இன்னும் பயம் அதிகம். அந்தக் காலத்து ஹாங்காங்ல ஆளப் பறக்க விடறதுன்னா, டிரெஸ்ஸுக்குள்ள ஒரு பெல்ட் மாதிரி கட்டி, மெல்லிசான இரும்புக் கம்பி போட்டு, கப்பி வழியா அந்தப் பக்கம் நாலு பேர் நின்னு கையாலயே இழுப்பாங்க. ஒருத்தர் அரை நொடி முன்னாடி இழுத்தா நடிக்கறவங்க போய் சுவத்துல இடிக்க வேண்டியதுதான். கம்பியக் கம்ப்யூட்டர்ல அழிக்கற வசதி எல்லாம் இந்த பட்ஜெட்டுக்கு அப்ப கிடையாது, அதனால லைட்டப் பின்னாடியிருந்து அடிச்சு, புகையப் போட்டு, ஷாட்ட சின்னதா வெட்டி மறைப்பாங்க. கேமராவக் கொஞ்சம் மெதுவா ஓட்டி எடுப்பாங்க, திரையில போடறப்ப ஆள் மனுஷ வேகத்தத் தாண்டி சுழலும். இந்தப் படத்தோட நீலமும் புகையும் அழகுக்கு மட்டும் இல்ல, பாதி கம்பிய மறைக்கப் போட்டது. இந்த வேலையில சிங் சியூ டுங் ராஜா. நம்மூர் ஆளுங்களுக்கு அவர் பேர் தெரியலன்னாலும் கை தெரியும், 2006ல வந்த "க்ரிஷ்" படத்துல ஹ்ரித்திக் ரோஷனப் பறக்க விட்டது அவர்தான்.

இப்ப நீங்க 4கே பண்றேன்னு படத்தப் பளிச்சுன்னு ஆக்கினா சில இடத்துல கம்பி தெரியத்தான் செய்யும். தெரியட்டும் சார். டிஜிட்டல்ல அழிக்கறேன்னு போயி ஆளோட கை விளிம்பு, முடியெல்லாம் மெழுகு மாதிரி ஆக்கி வெச்ச பழைய படங்கள எவ்ளோ பாத்துட்டோம். ஃபிலிம்ல இயல்பா இருக்கற பொடிப் புள்ளிங்கள, அந்த கிரெயின, முழுசா தேய்ச்சு எடுக்கறதும் அதே கேஸ். அப்பறம் கலர், அந்த நீலத்தத் தொட்டீங்கன்னா படமே வேற படம். இப்பல்லாம் ரெஸ்டோர்ங்கற பேர்ல எந்தப் படம் வந்தாலும் ஒரு பச்சை சாயம் பூசி அனுப்பறாங்க, யார் பண்றது, எதுக்குப் பண்றதுன்னு தெரியல, தோல் கலர் எல்லாம் காய்ச்சல்காரன் மாதிரி இருக்கு.

சவுண்டுக்கு வருவோம், முக்கியமான இடம். 90கள் வரைக்கும் ஹாங்காங்ல பெரும்பாலும் ஷூட்டிங் ஸ்பாட்ல சவுண்ட் எடுக்கறதில்ல. வருஷத்துக்கு 200 படத்துக்கு மேல எடுத்துட்டு இருந்த நேரம், ஒரு நடிகை ஒரே சமயத்துல மூணு நாலு படத்துல ஓடிட்டு இருப்பாங்க, மேகி சியுங் படம் 1993ல மட்டும் பத்துக்குக் குறையாம வந்துச்சு. அதனால வாயசைச்சு எடுத்துட்டு அப்பறம் ஸ்டூடியோல பேசி ஒட்டறது, அதுவும் சமயத்துல வேற ஆள் குரல். அப்ப "எல்லாமே டப்பிங்தானே, இங்கிலீஷ்ல இருந்தா என்ன"ன்னு உங்க ஆள் ஒருத்தர் கேக்கலாம். வித்தியாசம் இருக்கு. கான்டனீஸ் டிராக் பண்ணவங்க அதே ஊர்க்காரங்க, அதே வருஷம், அந்தப் படத்துக்குன்னே பண்ணது. மெலோடிராமா எங்க ஏறணும், வில்லன் கிழவன் எங்க குழையணும்னு தெரிஞ்சு பண்ணது. இங்கிலீஷ் டிராக் வெளியூருக்கு அனுப்பறதுக்காக அவசரத்துல நாலு பேர் உக்காந்து எல்லாருக்கும் பேசினது. அதுல மிஷெல் யோ, விஞ்ஞானி சீன் எல்லாம் காமெடியாயிடுச்சு. படத்துல நெஜமாவே மனசத் தொடற ஒரே விஷயம் அதுதான், அதையும் கெடுத்துட்டா மிச்சம் என்ன.

இன்னொண்ணு, ஒரே டிராக்ல வர்ற பழைய மோனோ சவுண்ட எடுத்துட்டு, சுத்தி ஆறு ஸ்பீக்கர்ல வர்ற 5.1 பண்றேன்னு புதுசா துப்பாக்கி சத்தம், உதை சத்தம் எல்லாம் ஒட்டறது. பழைய ஹாங்காங் படங்க பல டிஸ்க்ல இந்தக் கொடுமை நடந்திருக்கு. உதை விழறப்ப வர்ற அந்தத் தட்டையான "டப்" சத்தத்துல ஒரு தாளம் இருக்கும், எடிட்டிங்கோட சேந்து வர்றது, அத எடுத்துட்டு ஹாலிவுட் லைப்ரரி குண்டு சத்தம் போட்டா சண்டை ரெண்டு நொடி லேட்டா நடக்கற மாதிரி ஒரு ஃபீல். மோனோவ மோனோவாவே குடுங்க, வேணும்னா 5.1 தனி ஆப்ஷனா வைங்க. படத்தோட பாட்டையும் தொடாதீங்க, அனிடா முய் சொந்தக் குரல் அது. சின்ன வயசுலயே மேடை ஏறி, 1982ல பாட்டுப் போட்டியில ஜெயிச்சு வந்து, கான்டனீஸ் பாப்ல ஒரு தலைமுறையையே ஆண்டவங்க, 2003 டிசம்பர்ல 40 வயசுல கான்சர்ல போயிட்டாங்க. அந்த அடித்தொண்டைக் குரலக் கேக்கத்தான் பாதி பேர் இந்தப் படத்தத் தேடறதே, நீங்க பேரு ஓடறப்ப கட் பண்ணிடறீங்க.

வில்லன் கூட்டத்துல ஆன்டனி வோங்னு ஒருத்தர் இருக்காரு, அவரப் பத்தி சொல்லாம போனா மனசு ஆறாது. பேசவே மாட்டாரு. கையில சங்கிலியில கோத்த ஒரு கூண்டு, எறிஞ்சா எதிரி தலையில மாட்டும், இழுத்தா கழுத்து காலி. விரல் அறுந்து விழுந்தா அத எடுத்து வாயில போட்டு மெல்லுவாரு. இந்த ஷாட்டும் உங்க வெர்ஷன்ல இல்ல. அவரோட நடக்கற சண்டையில மோட்டார் பைக்கயே ஆயுதம் மாதிரி சுத்த விடுவாங்க. கிளைமாக்ஸ்ல கிழவன் எரிஞ்சு எலும்புக்கூடாகி, "முடிஞ்சுதுடா சாமி"ன்னு நெனைக்கறப்ப அந்தக் கூடு எழுந்து மிஷெல் யோ முதுகுல ஏறி, கையோட கை காலோட கால் பின்னிகிட்டு, அவங்க உடம்ப பொம்மை மாதிரி ஆட்டி கூட இருக்கற ரெண்டு பேர அடிக்க வைக்கும். டெர்மினேட்டர்ல இருந்து சுட்டதுன்னு கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். ஆனா டெர்மினேட்டர்ல அந்தக் கூடு யார் முதுகுலயும் ஏறல பாருங்க, இங்க ஒரு படி மேல போயிட்டாங்க. இந்த அம்மா வாழ்நாள் முழுக்க அந்தக் கிழவனோட அடிமையா இருந்தவங்க, கடைசியில அவன் எலும்பாகியும் முதுகுல இருந்து இறங்க மாட்டேங்கறான். யோசிச்சு வெச்சாங்களோ, ஸ்டன்ட் நல்லாருக்கும்னு வெச்சாங்களோ, படத்துலயே நல்ல ஐடியா இதுதான்.

ஆனா நடுவுல கதை தொங்கும். யார் யாருக்கு முன்னாடியே பழக்கம்னு ஃப்ளாஷ்பேக்ல அவசர அவசரமா ஊத்துவாங்க, முதல் தடவை பாக்கறவனுக்குத் தலை சுத்தும். இன்ஸ்பெக்டர் புருஷன் கேரக்டருக்கு ஆச்சரியப்படறதத் தவிர வேற வேலை இல்ல. அதனால ஒண்ணும் குடி முழுகல.

வியாபாரக் கணக்கும் பேசுவோம், நீங்க அதுக்குத்தானே இருக்கீங்க. மிஷெல் யோ 2023ல ஆஸ்கர் வாங்கின அன்னைக்கு, இந்தியாவுல எத்தன பேர் அவங்க பழைய படம் என்ன இருக்குன்னு தேடியிருப்பாங்க, உங்க கிட்டதான் டேட்டா இருக்கும். மேகி சியுங்கப் புடிச்சவங்க தேடுவாங்க, 1996ல பிரெஞ்சு டைரக்டர் ஒலிவியே அசாயாஸ் மேகியவே மேகியா நடிக்க வெச்சு "இர்மா வெப்" எடுத்தப்ப இந்தப் படத்தோட துண்ட அதுல ஓட விட்டாரு, அதப் பாத்துட்டு இங்க வர்ற கூட்டம் ஒண்ணு தனியா இருக்கு. ஜானி டோ பேருக்கே ஒரு கூட்டம். அமெரிக்கால 2024ல, பழைய படங்கள டிஸ்க்கா போடற க்ரைட்டீரியன் கம்பெனிக்காரங்க இந்தப் படத்தையும் அடுத்த பாகத்தையும் ஒரே செட்டா ரெஸ்டோர் பண்ணி மரியாதையா போட்டாங்க, அப்ப நல்ல பிரிண்ட்டே இல்லன்னு இனி யாரும் சாக்கு சொல்ல முடியாது. அந்த டிஸ்க்க இங்க வரவழைக்கற காசுக்கு ஒரு வருஷ சந்தா கட்டிடலாம், கட்டத் தயாரா இருக்கோம், பொருளத்தான் காணோம்.

அந்த அடுத்த பாகம் "எக்ஸிக்யூஷனர்ஸ்", அதுவும் 1993தான். அணு வெடிப்புல தண்ணியெல்லாம் விஷமாகி, நல்ல தண்ணிய ஒரு கம்பெனி பூட்டி வெச்சு விக்குது. இந்த ஐடியா இன்னைக்கு எவ்ளோ பொருந்துதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. படமா பாத்தா முதல் பாகத்த விட மோசம், ஒரே அழுகை, முதல் பாகத்துல இருந்த கிறுக்குத்தனம் எல்லாம் காணாம போயிடுது. இருந்தாலும் ரெண்டையும் சேத்தே வாங்குங்க, ஒண்ண மட்டும் போட்டுட்டு இன்னொண்ண வேற ஆப்புக்கு வித்துடாதீங்க, அந்த விளையாட்டு வேணாம்.

சப்டைட்டில் பத்தி ஒரு வார்த்தை. ஹாங்காங் தியேட்டர் பிரிண்ட்ல 60கள்ல இருந்தே சீனமும் இங்கிலீஷும் சேந்து கீழ அச்சாகி வரும், வெள்ளை எழுத்து, பின்னாடி வெள்ளைச் சட்டைக்காரன் வந்து நின்னா போச்சு, ஒண்ணும் படிக்க முடியாது. அந்த இங்கிலீஷும் ராத்திரியோட ராத்திரியா எழுதினது. தயவுசெஞ்சு தமிழ் சப்டைட்டில அதுல இருந்தோ, இங்கிலீஷ் டப்பிங்ல இருந்தோ எடுக்காதீங்க. கான்டனீஸ் கேட்டுப் புரியற ஒருத்தர், தமிழ் எழுதத் தெரிஞ்ச ஒருத்தர், ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வைங்க. முதல் ஆள் கிடைக்கறது கொஞ்சம் கஷ்டம், ஆனா மலேசியா, சிங்கப்பூர்ல கான்டனீஸ் காதுல விழுந்தே வளந்த தமிழர்கள் இருக்காங்க, மிஷெல் யோவே மலேசியா ஈப்போக்காரங்கதான். ரெண்டாவது ஆளப் பத்தி உங்களுக்குக் கவலையே வேணாம், இந்தப் படத்த வசனம் வசனமா தெரிஞ்ச நாலஞ்சு பேர் நாங்க சும்மாதான் இருக்கோம், காசு கூட முக்கியம் இல்ல, கடைசியில பேரு ஓடறப்ப எங்க பேரையும் ஒரு ஓரத்துல போடுங்க, அத மட்டும் பாதியில கட் பண்ணிடாதீங்க.

இப்படிக்கு,
உங்க பழைய சந்தாதாரர், இன்னும் கேன்சல் பண்ணல